அண்ணனின் ரிப்போர்ட்டும் ஒரு கல்யாணப் பேச்சும்

கேள்வி: என் அண்ணனுக்கு 48 வயது. ரப்பர் பால் வெட்டும் வேலை. ஆறு மாதமாக ரத்தம் குறைந்துகொண்டே போனது. சத்து மாத்திரை கொடுத்தே காலம் ஓடிவிட்டது. கடைசியில் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். திருவனந்தபுரத்தில் சதை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் "எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இல்லை" என்று இருக்கிறது. "கெட்டதிலும் ஒரு நல்லது, கீமோவுக்குப் பதில் இம்யூனோதெரபி கொடுக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா 47 வயதில் குடல் புற்றில் போனார். அத்தை 51 வயதில் கர்ப்பப்பைக் கட்டியில் போனார். பூர்வீகம் மணவாளக்குறிச்சி பக்கம் என்பதால் மணல்தான் காரணம் என்கிறார்கள் ஊரில். என் கொழுந்தன் எதிர்ப்புச் சக்திப் பொடி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். எனக்கு 43 வயது. இனி எனக்கும் வருமா? மகளுக்கு 21 வயது, அண்ணன் மகனுக்குத்தான் பேசி வைத்திருக்கிறோம், அவனுக்கு 26. "இந்த ரிப்போர்ட்டைப் பற்றி வெளியே மூச்சு விடாதே" என்கிறார் மைனி. அத்தை பிள்ளைகளோடு சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், குலசேகரம் அருகே

பதில்: சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகவே கேட்காமல், போகிறபோக்கில் எழுதிவிட்ட கல்யாணப் பேச்சுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதைச் சொல்ல முதலில் அந்த ரிப்போர்ட் புரிய வேண்டும்.

நம் உடம்பில் ஓர் உயிரணு இரண்டாகும்போது அதிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் பிழை விழும். குறிப்பாக ஒரே எழுத்து பத்து, பன்னிரண்டு தடவை அடுத்தடுத்து வரும் இடங்களில். தேங்காய்க் களத்தில் எண்ணுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கைக்கு ஒன்றாக இரண்டிரண்டாய்த் தூக்கிப் போட்டபடி ராகமாக எண்ணிக்கொண்டே போவார். நடுவில் யாராவது "அண்ணே, வண்டி வந்தாச்சா?" என்று கேட்டால் போச்சு, ஒரு காய் கூடும், இல்லை குறையும். எல்லாக் காயும் ஒரே மாதிரி இருப்பதால்தான் இந்தத் தடுமாற்றம். டிஎன்ஏவிலும் அதே கதை. பின்னாலேயே வந்து கணக்கைச் சரிபார்ப்பதற்கென்று நான்கு முக்கியமான புரதங்கள் இருக்கின்றன: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 ஒரு ஜோடி; எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இன்னொரு ஜோடி. உங்கள் அண்ணனின் கட்டியில் இரண்டாவது ஜோடி இல்லை. எம்.எஸ்.எச்.2 போய்விட்டால் 6 தனியாக நிலைக்காது, அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

இல்லாமல் போனது எப்படி? ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி உண்டு, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. அப்பா கொடுத்த பிரதி பிறக்கும்போதே பழுதாக இருந்திருந்தால், குடலில் ஏதோ ஓர் உயிரணுவில் மிச்சமிருந்த நல்ல பிரதியும் கெட்டதும் சரிபார்க்கும் வேலை அங்கே நின்றுபோகும். பிழைக்கு மேல் பிழை சேர்ந்து கட்டியாகும். இதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். அமெரிக்காவில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் 1960களில் பல குடும்பங்களை நோண்டி எழுதியதால் அவர் பெயர் வந்தது. ஆனால் கதையைத் தொடங்கி வைத்தவர் ஒரு தையல்காரப் பெண். 1895இல் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம், "எங்கள் வீட்டில் எல்லாரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்று அவள் சொன்னாள். அப்படியே கர்ப்பப்பைப் புற்றில் சின்ன வயதிலேயே போனாள். வார்த்தின் அந்தக் குடும்பத்தைத் தேடி எழுதி 1913இல் வெளியிட்டார். எம்.எஸ்.எச்.2 மரபணுவைக் கண்டுபிடித்தது அதற்கும் 80 வருடம் கழித்து, 1993இல். குடல் ஒருவருக்கு, கர்ப்பப்பை ஒருவருக்கு, இரண்டும் ஐம்பதையொட்டிய வயதில். உங்கள் அப்பாவும் அத்தையும் அந்தப் பெண் சொன்ன அதே ஜோடிதான்.

இங்கே என் பழைய தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடல் கட்டியோடு வந்த ஒரு பெண்ணிடம் "வீட்டில் யாருக்காவது கேன்சர் உண்டா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். நானும் இல்லை என்று எழுதிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து அவர் தங்கையும் வந்தபோதுதான் தெரிந்தது, அம்மா "கர்ப்பப்பைக் கட்டி", தாய்மாமன் "வயிற்று வியாதி". கேன்சர் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயில் எடுத்ததே இல்லை. தப்பு அவர்களுடையது அல்ல, நான் கேட்ட விதம். இப்போதெல்லாம் "யார் யார் எந்த வயதில் இறந்தார்கள், கடைசியில் என்ன செய்தது?" என்றுதான் கேட்கிறேன்.

சரி, "கெட்டதிலும் ஒரு நல்லது" என்று டாக்டர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.

மரபணுவை உயிரணு மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கும். "கடல் மணல் படகு" என்று மூன்றெழுத்துச் சொற்களை இடைவெளி இல்லாமல் எழுதி, மூன்று மூன்றாக வெட்டி வாசிக்கச் சொன்னால் சரியாக வரும். அதில் ஒரே ஒரு "ட" விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மூன்று மூன்றாக வெட்டினால் "கல்ம ணல்ப டகு" என்று வரும். ஓர் எழுத்துதான் போனது, ஆனால் அதற்கப்புறம் வந்த எல்லாமே உளறல். எண்ணிக்கை தவறும் இடங்களில் உங்கள் அண்ணனின் கட்டிக்குள் நடப்பது இதுதான். அந்த உளறலையும் உயிரணு நம்பிப் புரதமாகச் செய்கிறது. உடம்பு பிறந்ததிலிருந்து பார்த்தே இராத புரதம்.

ஒவ்வொரு உயிரணுவும் தனக்குள் செய்கிற புரதங்களைத் துண்டு போட்டு வெளிப்புறத்தில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். குளச்சலில் படகு வந்ததும் மீனை மணலில் பரப்பிப் போட, ஏலக்காரர் ஒரு நோட்டத்தில் பார்த்துப் போவதுபோல, டி செல் என்கிற வெள்ளணுக்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் போகும். பழகிய துண்டென்றால் கடந்து போகும். "ணல்ப" என்று ஒன்று கிடந்தால் நின்றுவிடும். இது நம் வீட்டுச் சரக்கு இல்லை என்று அதற்குத் தெரியும். சாதாரணக் குடல் கட்டியில் இப்படிப் பழகாத துண்டுகள் கொஞ்சம்தான் இருக்கும். சரிபார்ப்பு நின்றுபோன கட்டியில் அது ஏராளம்.

இது கற்பனை இல்லை, மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கலாம். இப்படிப்பட்ட கட்டியின் சில்லைச் சாயமேற்றி வைத்தால், இளஞ்சிவப்புப் புற்று வரிசைகளுக்கு ஊடே கருநீலப் புள்ளிகள் கடுகு தாளித்துக் கொட்டியதுபோலக் கிடக்கும். அத்தனையும் உள்ளே புகுந்த வெள்ளணுக்கள். கட்டியின் ஓரத்தில் அவை கும்பல் கும்பலாய்க் கூடாரம் அடித்திருக்கும். ஒரு நோயியல் மருத்துவர் இதை வைத்தே "இந்த ஆளின் வீட்டுக் கதையைக் கேளுங்கள்" என்று குறிப்பு எழுதி அனுப்பியதுண்டு.

அப்படியானால் வெள்ளணுக்கள் அதைத் தின்று தீர்க்காமல் ஏன் வேடிக்கை பார்த்தன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டி செல் தாக்க ஆரம்பித்ததும் இன்டர்ஃபெரான் என்ற ஒன்றைக் கக்கும். அதன் வாடை பட்டதும் கட்டி தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை உயர்த்திக்கொள்ளும். டி செல்லின் மேல் பிடி-1 என்ற ஒரு நிறுத்து பித்தான் உண்டு. நம் சொந்த உடம்பை அதுவே தாக்கிவிடாதிருக்க இயற்கை வைத்த பித்தான். கட்டி அதைக் கண்டுபிடித்து அமுக்கி வைத்துக்கொள்கிறது. அதாவது உள்ளே வந்த படை சாகவில்லை, வாசலிலேயே கைகட்டி நிற்கிறது. இம்யூனோதெரபி மருந்து, உங்கள் அண்ணனுக்கு அநேகமாகப் பெம்ப்ரோலிசுமாப் அல்லது நிவோலுமாப், கட்டியை நேரடியாகத் தொடுவதே இல்லை. அந்தப் பித்தானை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். பிடி-1ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும், இன்னொரு பித்தானில் வேலை செய்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும், இந்தச் சரிபார்ப்புப் பழுது இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அனுமதித்தது. உறுப்பைப் பார்க்காமல் பழுதைப் பார்த்து ஒரு புற்று மருந்தை அனுமதித்தது அதுதான் முதல் தடவை.

ஆக, எந்தப் பழுது உங்கள் அண்ணனுக்குக் கட்டியைத் தந்ததோ, அதே பழுதுதான் கட்டியை வெள்ளணுவின் கண்ணுக்குக் காட்டியும் கொடுக்கிறது.

எவ்வளவு நம்பலாம்? இதே நிலையில் பரவிய குடல் புற்று உள்ள 307 பேரிடம் கீமோவையும் பெம்ப்ரோலிசுமாபையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வந்தது. நோய் முற்றாமல் நின்ற காலம் கீமோவில் நடுவாக 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாபில் 16.5 மாதம். அதற்கப்புறமும் வருடக்கணக்கில் அப்படியே நின்றவர்கள் கணிசம். ஆனால் கட்டி நன்றாகச் சுருங்கியது பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களுக்குத்தான். ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு மருந்து தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. துண்டு காட்டும் தட்டையே சில கட்டிகள் ஒளித்துவிடும், அப்போது பித்தானை மூடி வைத்தும் பயனில்லை. இதை மைனியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம்பிக்கை கொடுக்கிற மருந்துதான், மந்திரம் அல்ல.

பக்க விளைவு கீமோ மாதிரி முடி கொட்டுவதோ வாந்தியோ அல்ல. விடுவித்துவிட்ட வெள்ளணு சில சமயம் சொந்த உறுப்பையே பிடித்துக்கொள்ளும். தைராய்டு மந்தமாகலாம், அது மாத்திரையில் சரியாகும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சிரைப்பு, கண் மஞ்சள், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் போட வேண்டும். மருந்து ஆரம்பித்துப் பல மாதம் கழித்தும் வரலாம். பால் வெட்டுக்கு விடிகாலையில் போகிறவர், "சாப்பாடு ஒத்துக்கலை" என்று சமாளித்துவிட்டுப் போய்விடுவார். பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு லட்சங்களில் போகும். மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் உண்டா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள், மூன்றாவது தவணையில் கேட்காதீர்கள். மும்பை டாடா மருத்துவமனை நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்து, தலை-கழுத்துப் புற்றில் பலன் கண்டதை யாராவது உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது வேறு புற்று, அதை இவருக்கு அப்படியே பொருத்த வேண்டாம். உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

மணலைப் பற்றி: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும், அதில் கதிர்வீசும் தோரியம் இருப்பதும், அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் சரி. அதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்று கூடியதாகத் தெரியவில்லை. அதைவிட எளிய வாதம் ஒன்று உண்டு. மணல் ஊருக்கே பொது. உங்கள் ஒரே வீட்டில் குடலையும் கர்ப்பப்பையையும் மட்டும் அது பொறுக்கி எடுக்காது.

பொடியைப் பற்றி: கொழுந்தனின் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி குறைந்தால் ஊற்றி நிரப்புகிற சமாசாரம் அல்ல. அண்ணனுக்கு வெள்ளணு பற்றாக்குறை இல்லை, கட்டிக்குள்ளேயே மொய்த்துக் கிடக்கிறது. இம்யூனோதெரபி எடுக்கும்போது ஈரல் எண்கள் ஏறினால், அது மருந்தாலா பொடியாலா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அந்தக் குழப்பத்தில் நல்ல மருந்தை நிறுத்திவைத்த சம்பவம் எனக்கே உண்டு. பொடி அலமாரியில் இருக்கட்டும்.

இனி உங்கள் உடம்பு. முதலில் அண்ணனிடம்தான் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும். கட்டியில் புரதம் இல்லை என்பது சந்தேகத்தை வலுவாக்குகிறது, ரத்தத்தில் பார்த்தால்தான் உறுதி. எம்.எஸ்.எச்.2இல் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் உங்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அண்ணனைப் பார்க்காமல் உங்களை முதலில் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அண்ணன் உடல்நிலை தளர்வதற்குள் அந்த ரத்தத்தை எடுத்துவிடுங்கள்.

அண்ணனுக்கு உறுதியானால் உங்களுக்கு இருக்க வாய்ப்பு சரிபாதி. இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, கொலனோஸ்கோப்பி என்கிற குடல் உள்நோக்குச் சோதனை. இது 20-25 வயதிலேயே தொடங்க வேண்டியது, உங்களுக்கு 43, அதனால் ரத்த முடிவுக்குக் காத்திராமல் ஒன்றை இப்போதே செய்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். முதல் நாள் மருந்து குடித்து வயிற்றைக் கழுவுவதுதான் தொந்தரவு, சோதனை நேரத்தில் தூங்கிவிடுவீர்கள். பெண்களுக்கு இந்தப் பழுதில் கர்ப்பப்பைப் புற்றின் ஆபத்து ஏறக்குறைய குடலுக்குச் சமம். மாதவிலக்கு தாறுமாறாகப் போனால் "இந்த வயசுக்கு அப்படித்தான்" என்று விடாதீர்கள். பழுது உறுதியானால், இனி குழந்தை வேண்டாம் என்ற நிலையில் உள்ள உங்களுக்குக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவது பேசிப் பார்க்க வேண்டிய விஷயம். தினசரி ஆஸ்பிரின் லிஞ்ச் உள்ளவர்களுக்குக் குடல் புற்றைக் குறைத்ததாக ஆய்வு உண்டு, பத்து வருடத்தில் 13 சதவீதம் 9 ஆனது. ஆனால் அதை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது வேறு வம்பு.

கல்யாணம். மாமன் மகன் முறை நம் பக்கம் புதிதல்ல, அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த வீட்டில் கணக்கு வேறு. அண்ணனிடம் பழுது உறுதியானால் அவர் மகனுக்கு இருக்க வாய்ப்பு பாதி, உங்கள் வழியாக உங்கள் மகளுக்குக் கால். இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி இரண்டு பேரிடமும் இருந்து அவர்கள் கட்டிக்கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு பக்கமும் பழுதான பிரதியே கிடைக்க. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சரிபார்ப்பு வேலை பிறந்தது முதலே எங்கும் இருக்காது. தோலில் காப்பிக் கறை போன்ற திட்டுகள் வரும், மூளையிலோ ரத்தத்திலோ குடலிலோ சின்ன வயதிலேயே புற்று வரும். அபூர்வம்தான், ஆனால் சொந்தத்துக்குள் கட்டும் ஊர்களில் அது வெறும் புத்தகக் கதை இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பெரியவர்கள். அவர்களிடமே விஷயத்தைச் சொல்லி, அவர்கள் விரும்பினால் ரத்தம் கொடுக்கட்டும். இருவரில் ஒருவரிடம் பழுது இல்லை என்று வந்தாலும் இந்தப் பயம் தீர்ந்தது, தேதி குறிக்கலாம். இருவரிடமும் இருந்தால் அப்போது ஒரு மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசலாம், வழிகள் உண்டு.

மைனி ஏன் மூச்சு விடாதே என்கிறார் என்று எனக்குப் புரிகிறது. பையனுக்குப் பெண் கிடைக்காது, வீட்டுப் பேர் கெடும் என்ற பயம். ஆனால் அந்தப் பையனுக்கு 26, அவன் குடலைப் பார்க்க வேண்டிய வயது வந்துவிட்டது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், அவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. நீங்களே போய் அடுக்களையில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லுங்கள், டாக்டர் முன்னால் சொல்வதைவிட அது நன்றாக இருக்கும்.

அப்புறம், அத்தை பிள்ளைகள். அவர்களுக்கும் இதே பங்கு இருக்கலாம். சொத்துத் தகராறு அது பாட்டுக்கு நடக்கட்டும், அண்ணன் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை மட்டும் அவர்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.